சும்மா போன வத்தை: யாழ்ப்பாணப் பரவைக்கடலில் எழுதப்படாத ஒரு வரலாறு

2010ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுது. புத்தளத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நீண்ட வரிசை. மீள்குடியேற விரும்புவோர் இழந்த சொத்துக்களின் விபரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். உம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். வீடு, காணி, கடை, வாகனம், தொழில் உபகரணம் என்று கட்டங்கள் இருந்தன. சோனகத் தெருவில் இருந்த வீட்டை எழுதினேன். வாப்பாவின் இரும்புக் கடையை எழுதினேன். ஒரு சைக்கிள், ஒரு தையல் மெஷின். முடிந்தது என்று எழும்பும்போது உம்மா கையைப் பிடித்தார்.

"வாப்பாட வத்தையையும் எழுது மகன்."

எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கட வாப்பா கடற்றொழிலாளியா?"

"இல்லை. இரும்புக் கடை."

"அப்ப வத்தை எதுக்கு?"

"சும்மா போறதுக்கு" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். "தொழில் உபகரணம் எண்டால் போடலாம். சும்மா போறதுக்குக் கட்டம் இல்லை" என்று சொல்லி மெல்லிய கோடொன்றால் அந்த வரியை வெட்டினார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை.

அந்தக் கோடுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாறு என்று நாம் இதுவரை எழுதியவற்றைப் புரட்டிப் பார்க்கிறேன். பள்ளிவாசல்கள், பாடசாலைகள், கடைகள், புலவர்கள், வெளியேற்றம், அகதி முகாம் எல்லாம் இருக்கின்றன. மாலை நேரத்தில் நாம் என்ன செய்தோம் என்பது இல்லை. தொழிலையும் இழப்பையும் எழுதிய அளவுக்கு நாம் பொழுதை எழுதவில்லை.

*

அந்த நீரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

கடல்நீரேரி என்பது பாடநூல்களின் சொல். மட்டக்களப்பார் தங்களுடையதை வாவி என்பார்கள். யாழ்ப்பாணக் கரையில் அதற்குப் பெயர் பரவைக்கடல், அல்லது வெறுமனே சிறுகடல். 400 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து, குடாநாட்டையும் பெருநிலத்தையும் தீவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தும் சேர்த்தும் கிடக்கும் நீர். குடாநாடு சுண்ணக்கல் நிலம். பெய்யும் மழையில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கிவிடும். மகாவலி போல ஓர் ஆறு வந்து விழுவதில்லை. ஆகவே மாரியில் சற்று உவர்ப்புக் குறைந்தும், கோடையில் உள்பகுதிகளில் கடலை விட உவர்ப்பு ஏறியும் இருக்கும்.

இதன் பெரிய குணம் ஆழமின்மை. பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. ஆனையிறவு என்ற பெயரே யானைகளை இறக்கி நடத்திக் கடக்கவைத்த இடம் என்பதால் வந்தது. ஆழமில்லாத நீரில் வெயில் அடிவரை இறங்கும். அடியில் சாதாழை செழிக்கும். சாதாழையை மேய ஓராவும் ஒட்டியும் வரும். சேற்று ஓரத்தில் இறால் குஞ்சுகள் வளரும். திரளி கூட்டமாகத் துள்ளும். மணலையும் முரலும் நண்டும் தம் தம் இடத்தில் இருக்கும்.

இந்த நீருக்கு ஏற்றதுதான் வத்தை. தட்டையான அடிப்பாகம் கொண்ட சிறு பலகைத் தோணி. துடுப்பை விட மரக்கோலுக்கே அங்கு வேலை அதிகம். பின்னணியத்தில் நின்று கோலை ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டும். கோல் சேற்றில் புதைந்தால் அதை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டால் வத்தை போய்விடும், ஆள் கோலோடு நிற்பான். நாங்கள் எல்லோரும் ஒரு முறையாவது அப்படி நின்றவர்கள்தான்.

பண்ணைத் தாம்போதி, புங்குடுதீவுத் தாம்போதி, காரைநகருக்கான தாம்போதி என்று வீதிகள் இந்த நீரைக் குறுக்கறுத்துப் போகின்றன. அவை நீரோட்டத்தைப் பெரும்பாலும் மறித்துவிட்டன. எஞ்சிய பாலங்களிலும் மதகுகளிலும்தான் பெருக்கும் வற்றும் விசையோடு ஓடும். ஓட்டம் இருக்கும் இடத்தில் இரை வரும், இரை வரும் இடத்தில் மீன் வரும். பண்ணைப் பாலத்தடியில் தூண்டில்காரர் கூடுவதற்கு அதுவே காரணம். தண்ணீர் திரும்பும் நேரம் தெரிந்தவனுக்கு அரை மணித்தியாலம் போதும். தெரியாதவன் பின்னேரம் முழுக்க நின்றாலும் சாதாழைதான் கொழுவும்.

*

பொழுதுபோக்குக்கு வரலாறு உண்டா என்று கேட்கலாம். சிலருடைய பொழுதுபோக்குக்கு நிச்சயமாக உண்டு.

கொழும்பில் பேரை வாவியில் படகோட்டுவதற்கென 1864இல் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. கொழும்பு ரோயிங் கிளப் என்ற அக்கழகம் இன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் அலுவலகம் விட்டு வந்து துடுப்பு வலித்ததற்கு ஆண்டு உண்டு, பெயர் உண்டு, கிண்ணம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். 1905இல் இளம் சிவில் சேவை அதிகாரியாக வந்த லெனாட் வுல்ஃப் கோட்டை மதில்மேல் இருந்த வீடொன்றில் தங்கினார். பரவைக்கடல் அவருடைய வாசலில் கிடந்தது. 1961இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் அந்த ஆண்டுகளை அவர் எழுதிவைத்தார். ஒரு துரையின் கண்ணில் பட்ட மாலை நேரம் உலகத்து நூலகங்களில் இருக்கிறது.

அதே கோட்டையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிட தூரத்தில் சோனகத் தெரு. அங்கிருந்து அதே நீரைப் பார்த்தவர்களின் மாலை நேரம் எங்கும் இல்லை.

ஆட்சியாளர் பரவைக்கடலைப் பார்த்தபோதெல்லாம் அதற்கு ஒரு பயன் தேடினார்கள். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டம் உள்நீரேரிகளை நன்னீராக்கிக் கிணறுகளையும் வயல்களையும் காப்பாற்ற எண்ணியது. நல்ல எண்ணம்தான். அதற்கு எதிராகப் பேசியவர்கள் இறாலையும் மீனையும் கணக்கில் காட்டினார்கள். அதுவும் நியாயமே. இரு பக்கத்துக் கணக்கிலும் பண்ணைப் பாலத்தில் சும்மா குந்தியிருந்த மனிதன் வரவில்லை. அவனை எந்த அலகால் அளப்பது?

*

சோனகருக்கும் இந்த நீருக்கும் உள்ள உறவு பழையது. இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோது ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததாக எழுதுகிறார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியதாகவும், அவருடைய கப்பல்கள் யெமன் வரை போய் வந்ததாகவும் சொல்கிறார். அச்சந்திப்பு நடந்த பத்தாளா என்னும் ஊர் புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. ஒரு கடல்நீரேரியின் அரசரை அறபுப் பயணி இன்னொரு கடல்நீரேரியின் கரையில் கண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தகவலின் கசப்பு 1990க்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஒல்லாந்தர் காலத்து நூலாகிய யாழ்ப்பாண வைபவமாலை சோனகர் நல்லூர்ப் பக்கமிருந்து நாவாந்துறைப் பக்கம் குடிபெயர்ந்ததைக் கூறுகின்றது. பெயரிலேயே துறையைக் கொண்ட ஊரின் அருகில் வந்து அமர்ந்தவர்கள் நாங்கள். எனினும் மீன்பிடி எங்கள் தொழில் ஆகவில்லை. குருநகர், பாஷையூர், நாவாந்துறை ஆகிய கரைகளில் வலை வீசியவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். நாங்கள் இரும்புக் கடை, தையல் கடை, இறைச்சிக் கடை, புடவை வியாபாரம், லொறி என்று நகரத்தோடு கலந்தவர்கள்.

இதனால்தான் பரவைக்கடலின் மீன்பிடி வரலாற்றை எழுதுபவர்களுக்கு எங்களைத் தெரியாது. சங்கப் பதிவேட்டில் எங்கள் பெயர் இல்லை. படகு இலக்கம் இல்லை. தொழிலாகப் போயிருந்தால் ஒரு வரியாவது மிஞ்சியிருக்கும்.

எங்கள் வாப்பாவுக்கு நாவாந்துறையில் ஒரு கூட்டாளி இருந்தார். வலைத் தொழிலாளி. கடைக்கு ஆணியும் கம்பியும் வாங்க வந்து பழகியவர். எழுபதுகளின் கடைசியில் இருவரும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு ஒரு வத்தை கட்டினார்கள். ஒப்பந்தம் வாய்ப் பேச்சுத்தான். கிழமை நாட்களில் அவர் தொழிலுக்குக் கொண்டுபோவார். வெள்ளிக்கிழமைப் பின்னேரமும் பெருநாள் கழிந்த நாட்களும் எங்களுடையவை. ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போவார், வத்தை கரையில் கிடக்கும். வாப்பா அவரை "அண்ணை" என்பார். அவர் வாப்பாவை "காக்கா" என்பார். யார் மூத்தவர் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அண்ணையிடம் சட்டங்கள் இருந்தன. சிறகுவலைக்குக் கிட்ட வத்தையைக் கொண்டுபோகக் கூடாது. களங்கட்டிக்குள் தூண்டில் போடக் கூடாது. அவை இன்னொருவன் வீட்டு உலை என்பார். சிறு ஓராவை எடுத்துவைத்தால் கையில் தட்டுவார். "நீங்கள் விளையாட வந்தனீங்கள், தம்பி. விளையாட்டுக்கு இவ்வளவு காணும்" என்று இரண்டு விரலைக் காட்டுவார். ஆளுக்கு இரண்டு மீன். அதற்கு மேல் பட்டால் அவருடைய கூடைக்குள் போகும். தொழிலுக்கும் விளையாட்டுக்கும் நடுவே அவர் போட்ட அந்தக் கோடு நியாயமானதாக இருந்தது. எங்களுக்கும் அங்கே இடம் விட்டுப் போட்ட கோடு அது.

எங்கள் சாமான்கள் எளியவை. தங்கூசி சுற்றிய ஒரு பால்மாப் பேணி, ஈயக்குண்டு, இரண்டு மூன்று தூண்டில் முள், ஒரு சிரட்டையில் இறால். தங்கூசியை ஆள்காட்டி விரலில் ஓடவிட்டுப் பிடித்திருக்க வேண்டும். நண்டு கடித்தால் ஒரு மாதிரி, ஓரா கடித்தால் இன்னொரு மாதிரி. ஓராவைக் கழற்றும்போது முள்ளுக் குத்தினால் கை விண் விண் என்று வலிக்கும். காக்கா அழுவார். நான் அழாததுபோல இருப்பேன்.

பெண்கள் போனதில்லை. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் தெருவில் பரவைக்கடல் ஆண்களின் பொழுதாகவே இருந்தது. பெண்களுக்கு அதன் பங்கு மாலையில் வீட்டுக்கு வரும் ஆளுக்கு இரண்டு மீன்தான், அதையும் வெட்டிக் கழுவிப் பொரிக்கும் வேலையோடு.

உம்மா ஒரே ஒரு தடவை போனார். 1982ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த நாலாம் நாள் இரவு. பிறை பதின்மூன்று, ஆகவே நிலவு கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. சோளகம் அடங்கிக்கொண்டிருந்த காலம். உம்மா, சாச்சி, பக்கத்து வீட்டு மாமி, சின்னவர்கள் நாங்கள். அண்ணை மரக்கோலைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்து நின்றார். மண்டைதீவுப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பியதுதான் பயணம். வட்டிலப்பம் கொண்டுபோயிருந்தோம். உம்மா நடுவில் கையை நீருக்குள் விட்டுப் பார்த்தார். "எவ்வளவு தண்ணி?" என்று பயந்து கேட்டார். "இடுப்பளவுதான் தங்கச்சி, விழுந்தால் எழும்பி நிக்கலாம்" என்றார் அண்ணை. மாமி சிரித்த சிரிப்பில் வத்தை ஆடியது.

அந்த நாலாம் நாள் இரவைத்தான் உம்மா படிவத்தில் எழுதச் சொன்னார் என்பது எனக்குப் பிறகே விளங்கியது.

*

1984ஆம் ஆண்டை இந்தக் கதையின் முறிவு என்பேன்.

அவ்வாண்டில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், கடலோடு சேரும் ஒரு நீர்ப்பரப்பில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாமைத் திறந்தது. மக்கள் சீட்டு வாங்கிப் படகேறி மகிழ்ந்தார்கள். அதே ஆண்டில் பாக்கு நீரிணையின் இந்தப் பக்கத்தில், வடகடலில் கண்காணிப்பு வலயமும் தடை வலயமும் வந்தன. 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று இறந்ததும் 1984இல்தான். நீரை விளையாட்டுக்கென்று எடுத்துக்கொண்ட எங்கள் பக்கத்து மனிதர்களில் பெரியவர் அவர். அவரோடு ஒரு காலமும் போனது போல அப்போது தோன்றியது.

பிறகு நீர் என்றாலே பயம். 1985 மே 15இல் நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். உம்மா கையை விட்டுப் பார்த்த அதே பக்கத்துத் தண்ணீர். கோட்டையில் இராணுவம், வெளியே இயக்கம், பண்ணை நடுவில். தொழிலாளிகள் பசிக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். விளையாட்டுக்கு உயிரைக் கையில் பிடிக்க யாருக்கு முடியும்? எல்லாத் தடைகளிலும் முதலில் அழிவது சும்மா இருப்பதுதான். அதற்காக யாரும் மனுக் கொடுப்பதில்லை. வாப்பா தன் பங்கு நாட்களையும் அண்ணைக்கே விட்டார். பால்மாப் பேணி வீட்டுப் பரணில் ஏறியது.

1990 ஒக்டோபர் 30. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு எங்களை வரச் சொன்னார்கள். விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேல். அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வரிசையில் நின்றபோது வாப்பா எங்களிடம் வீட்டைப் பற்றியோ கடையைப் பற்றியோ பேசவில்லை. "அண்ணைக்குச் சொல்லேலாமல் போச்சு" என்றார். அவ்வளவுதான்.

எங்களுக்குப் பின்னால் பரவைக்கடலுக்கு நடந்ததும் சிறிதல்ல. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதும் கிளாலிக் கரையிலிருந்து இரவில் படகேறிப் பெருநிலத்துக்குப் போவதே குடாநாட்டு மக்களின் வழியாயிற்று. 1993 ஜனவரி 2இல் அப்படிப் போனவர்கள் மீது கடற்படை தாக்கிப் பலர் இறந்தார்கள். எங்களை வெளியேற்றி சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், இலட்சக்கணக்கான யாழ்ப்பாணத் தமிழர் மழையில் நாவற்குழிப் பக்கமாக நடந்தார்கள். அப்படி நடந்தவர்களில் பலர் பிறகு கிளாலி நீரையும் கடந்து வன்னிக்குப் போனார்கள். இரண்டு ஒக்டோபர் முப்பதுகளையும் ஒன்றாக்கிக் கணக்குத் தீர்ப்பது என் நோக்கமல்ல. வெளியேற்றியவன் வேறு, அன்று நடந்த சனம் வேறு. அந்தச் சனத்துக்குள் எங்கள் அண்ணையும் இருந்தார்.

*

நாங்கள் வந்து சேர்ந்த புத்தளத்திலும் கடல்நீரேரிதான். 327 சதுர கிலோமீற்றர் என்பது கணக்கு. இறால் உண்டு, நண்டு உண்டு, ஓராவும் உண்டு. முகாமிலிருந்து நடந்து போகும் தூரம். ஆனால் எங்களில் எவரும் தூண்டிலோடு அந்தக் கரைக்குப் போகவில்லை. வாப்பா 2001இல் மௌத்தாகும் வரை ஒரு தடவைகூடப் போகவில்லை.

இதை நான் நெடுங்காலம் யோசித்திருக்கிறேன். காசில்லாமை காரணமல்ல, தங்கூசிக்கு என்ன பெரிய விலை. புத்தளத்து மக்கள் எங்களைத் தாங்கினார்கள். தங்கள் பாடசாலையையும் கிணற்றையும் பங்கிட்டார்கள். அந்தக் கடனைச் சொல்லி முடியாது. ஆனாலும் அந்த நீர் ஏற்கெனவே அவர்களுக்கே போதாமல் இருந்தது. கூலிக்கு இறால் பொறுக்கப் போன எங்கள் பெடியன்களைக் கரை ஏற்றுக்கொண்டது, ஏனெனில் பசி எல்லோருக்கும் விளங்கும். வேலை இல்லாமல் ஓர் அகதி கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தால் அதை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவனுக்கே தெரியாது. அந்தக் கூச்சம் எங்களுக்குள்தான் இருந்தது. சொந்த ஊரில் மட்டும்தான் மனிதன் காரணம் சொல்லாமல் ஓரிடத்தில் இருக்கிறான். அகதிக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும்.

சமாதானம் வந்த பிறகு கற்பிட்டிப் பக்கத்தில் வேறொரு காட்சி. வெளிநாட்டவர் பெரிய பட்டங்களைக் காற்றில் ஏற்றி, பலகையில் நின்று நீரேரியின் மேல் பாய்கிறார்கள். சோளகக் காற்றைத் தேடி உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அவர்கள் விளையாடுவதில் எனக்குக் குறையில்லை. நீர் விளையாடவும் உரியது என்பதை மறந்துபோன எங்களுக்கு அவர்கள் அதை நினைவூட்டினார்கள்.

*

2002இல் பாதை திறந்தபோது முதன்முதலாகப் போய்ப் பார்த்தேன். சோனகத் தெருவில் கூரையில்லாத வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. பண்ணையில் முட்கம்பி. எட்டி நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

2009க்குப் பிறகு காட்சிகள் மாறின. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீருக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை, ஒரு காலத்துச் சிறை, கடற்படை நடத்தும் விடுதியாயிற்று. பண்ணைக் கரையில் மாலை நேரத்தில் குடும்பங்கள் நடக்கின்றன. கச்சான் விற்கிறார்கள், ஐஸ்கிறீம் விற்கிறார்கள். பாலத்தில் மீண்டும் தூண்டில்கள். சுற்றுலாப் படகுகளைப் பற்றியும் பேச்சு. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அண்ணையின் இரண்டு விரல்கள் ஞாபகம் வரும். இயந்திரப் படகு சாதாழையை வெட்டினால் ஓரா எங்கே மேயும், சிறகுவலைக்குள் உல்லாசப் படகு புகுந்தால் யாருடைய உலை அணையும் என்பதை முதலில் கேட்க வேண்டியது கரையில் தொழில் செய்பவர்களிடம்தான். தொழிலாளி ஒப்பிய எல்லைக்குள் நடப்பதே நல்ல விளையாட்டு. எங்களுக்கு அது வாய்ப் பேச்சிலேயே இருந்தது.

மீளத் திரும்பிய குடும்பங்கள் குறைவு. வீடு, காணி, வாழ்வாதாரம் பற்றிய போராட்டம் நியாயமானது, முடியாதது. அதைக் குறைத்து நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் புத்தளத்தில் பிறந்த எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்குப் போகும்போது சுற்றுலாப் பயணிகளைப் போலப் போகிறார்கள். கோட்டை, நூலகம், பண்ணை, ஒரு படம், திரும்புதல். அவர்களிடம் நாம் வெளியேற்றத்தை மட்டுமே கொடுத்தோம். வெளியேறுவதற்கு முன் அங்கே நாம் சும்மா இருந்தோம் என்பதைக் கொடுக்கவில்லை. உறுதிப்பத்திரம் ஒரு காணி எங்களுடையது என்று சொல்லும். ஓர் ஊர் எங்களுடையதாக இருந்தது என்பதை அந்த மாலைகள்தான் சொல்லும். மூத்தவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். எந்தப் பாலத்தடியில் யார் நின்றார்கள், யாருடைய வத்தையில் போனார்கள், என்ன சாப்பிட்டார்கள், பெண்கள் எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் வேண்டும்.

கடைசியாகப் போனபோது நாவாந்துறையில் விசாரித்து அண்ணையின் மகனைக் கண்டுபிடித்தேன். என் வயதுதான் இருக்கும். அவரும் வலைத் தொழில். அப்பா தொண்ணூற்றெட்டில் வன்னியில் செத்துப்போனார் என்றார். வத்தையைக் கேட்டேன்.

"தொண்ணூற்றைஞ்சில இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரேக்க ஒண்டுமில்லை. உங்கட பாதியும் எங்கட பாதியும் ஒண்டாத்தான் போச்சுது காக்கா."

பின்னேரம் அவர் தன்னுடைய படகில் என்னைக் கூட்டிப்போனார். தங்கூசி சுற்றிய ஒரு போத்தலைத் தந்தார். கை மறக்கவில்லை. மூன்று ஓரா பட்டன. மூன்றாவதை நான் கேட்காமலே அவருடைய கூடைக்குள் போட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சட்டம் அவருக்கும் தெரிந்திருந்தது.

அங்கிருந்தே உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது காது கொஞ்சம் மந்தம். வத்தையில்லை, வேறு படகு, மண்டைதீவுப் பக்கம் நிற்கிறோம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

"எவ்வளவு தண்ணி?" என்றார்.

மரக்கோலை வாங்கி ஊன்றிப் பார்த்தேன்.

"இடுப்பளவுதான் உம்மா."